அரை அங்குல வைராக்கியம்

தோட்டாவை வீட்டிலேயே தயாரித்தால் பணம் மிச்சம் என்று மனைவியிடம் சொல்லாமல் இந்தக் காரியத்தில் இறங்கிய ஆண்பிள்ளை அமெரிக்காவில் ஒருவன்கூட இருக்க மாட்டான். நானும் சொன்னேன். கடையில் இருபது தோட்டா கொண்ட பெட்டி என்ன விலை, அதே இருபதை நானே அடைத்தால் என்ன அடக்கம் என்று எக்செல் போட்டே காட்டினேன். பித்தளைக் கூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், ஆகவே அதன் விலை பூஜ்யம். பிரஸ், டை, தராசு, காலிப்பர், கூடு துலக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் ‘ஒரு தடவைச் செலவு’ என்ற தலைப்பில் வேறொரு தாளுக்குத் தள்ளிவிட்டேன். அந்தத் தாளை இன்றுவரை அவளுக்குக் காட்டவில்லை. கணக்குத் தணிக்கை செய்து சம்பாதிப்பவள் அவள். அப்படி ஒரு தாள் இருப்பது அவளுக்குத் தெரியும். திறந்து பார்க்காமல் இருப்பது அவளுடைய பெருந்தன்மை.

நாங்கள் இருப்பது ஐடஹோ மாநிலத்தில், பாய்சிக்குத் தெற்கே. சிப் தயாரிக்கும் வேலை எங்களை இங்கே கொண்டுவந்து போட்டது. ஊரைத் தாண்டினால் குதிரைமசால் வயல்கள். குளிர்காலம் முடிவதற்குள்ளேயே தரை அணில்கள் வளையைவிட்டு வெளியே வந்துவிடும். கோடை முற்றுவதற்குள் வயலைத் திட்டுத் திட்டாக மொட்டையடித்துவிட்டு, மறுபடியும் மண்ணுக்குள் போய் அடுத்த வருஷம் வரை தூங்கும். வருஷத்தில் பாதிக்கு மேல் தூக்கம், மீதி நேரம் சாப்பாடு என்று வாழும் ஜீவன்மீது எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு. பயிரை நாசமாக்கும் இந்த மாதிரிச் சிறு பிராணிகளை இங்கே ‘வார்மின்ட்’ என்பார்கள். ஆள் சின்னது, தூரம் பெரிது. ஆகவே இவற்றுக்கென்றே சிறிய விட்டமும் அசுர வேகமும் உள்ள தோட்டாக்கள் பிறந்தன. 1935-இல் வின்செஸ்டரின் .220 ஸ்விஃப்ட், 1950-இல் ரெமிங்டனின் .222. என்னுடையது .22-250. பட்டறைக்காரர்கள் .250 சாவேஜ் கூட்டின் கழுத்தைக் குறுக்கி முப்பதுகளில் தாங்களாகவே செய்துகொண்ட தோட்டா இது. ரெமிங்டன் 1965-இல்தான் அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. குண்டு மூன்றரை கிராம். ஒலியின் வேகத்தைப்போல மூன்று மடங்கைத் தாண்டி ஓடும்.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு மூலபுருஷர் உண்டு: கலிபோர்னியாவின் ஓரோவில் ஊர்க்காரர் ஃப்ரெட் ஹண்டிங்டன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நல்ல குண்டு கிடைக்காமல்போகவே, தன் அப்பாவின் சலவைக் கடைப் பின்னறையில் உட்கார்ந்து, சுட்டு வீசிய சிறு தோட்டாக் கூடுகளையே குண்டுக்கு மேலுறையாக அழுத்தி எடுக்கும் ஓர் அச்சைச் செய்தார். ராக் சக் என்ற மலை அணிலைச் சுடுவதற்கான குண்டு என்பதால் அச்சுக்கு ‘ராக் சக் புல்லட் ஸ்வேஜ்’ என்று பெயர். அதன் நான்கு முதலெழுத்துகள்தாம் ஆர்சிபிஎஸ். 1943-இல் ஆரம்பித்த அந்தக் கம்பெனியின் பச்சை நிறப் பிரஸ் இன்றும் பாதி அமெரிக்காவின் கார் ஷெட்டில் நிற்கிறது. எங்கள் வீட்டிலும்தான். கார் வெளியே பனியில் நிற்கிறது.

வேலை என்னவோ நாலே வரிதான். சுட்ட கூட்டைத் துலக்கு, டையில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவா, மருந்தைப் பற்றவைக்கும் புது பிரைமரைப் பொருத்து, மருந்தை நிறுத்துக் கொட்டிக் குண்டைச் செருகு. எவ்வளவு மருந்து என்பதற்கு அச்சிட்ட கையேடு இருக்கிறது. அதில் சொன்ன குறைந்த அளவிலிருந்து தொடங்கிப் படிப்படியாகத்தான் ஏற வேண்டும், உச்ச அளவைத் தாண்டக்கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் பரம சாது. முகத்திலிருந்து நாலு அங்குலத்தில் வெடிக்கிற பொருளோடு எனக்கு விளையாட்டு கிடையாது.

மருந்தை நிறுக்கும் அளவுக்கு கிரெய்ன் என்று பெயர். ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன். என் தராசு ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும், அதாவது ஆறரை மில்லிகிராம். நகைக்கடையில் தட்டார் மின்விசிறியை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுப்பாரே, அந்தக் கோலத்தில்தான் ராத்திரி எட்டு மணிக்கு ஷெட்டில் உட்கார்ந்திருப்பேன். குச்சி குச்சியான மருந்து. சாமணத்தால் ஒரு குச்சியை எடுத்துத் தட்டில் போட்டால் எண் அசையாது. இன்னொன்று போட்டாலும் அசையாது. மூன்றாவதுக்குத் திடீரென்று குதிக்கும். ஒன்றை எடுத்தால் பழைய எண்ணுக்கு வராது. ஹீட்டர் காற்று பட்டால் எண் நகரும், கதவைத் திறந்தால் நகரும், உள்ளே சட்னி அரைத்தால் கண்டிப்பாக நகரும்.

“மிக்ஸியைக் கொஞ்சம் நிறுத்தேன்!” என்று கத்துவேன்.

“ஏங்க, இட்லி ஆறுது. உங்க அணிலுக்கு எட்டு மணிக்கே பசிக்கலையே, நமக்குத்தானே பசிக்குது?” என்று பதில் வரும். அதற்கு மேல் மிக்ஸி ஓடும்.

கூடுகளின் விஷயத்தில் என் மாமியார் நுழைந்தது எதிர்பாராதது. கிரீன் கார்டு வாங்கி எங்களோடேயே இருக்கிறார். ஷெட்டில் துணி காயப்போட வந்தவர், கறுத்துக் கிடந்த ஒரு வாளிக் கூடுகளைப் பார்த்துவிட்டார்.

“பித்தளைதானே மாப்பிள்ளை? இப்படியா கறுக்க விடுவீங்க?”

அதற்கு இயந்திரம் இருக்கிறது, உமித்தூள் மாதிரி அரைத்த வால்நட் ஓட்டுக்குள் மூன்று மணி நேரம் உருளும் என்று விளக்கினேன். அது உருளும் சத்தத்தில் மூன்று மணி நேரம் சீரியல் காதில் விழாமல்போனது நினைவுக்கு வந்ததோ என்னவோ, “சும்மா இருங்க” என்று சொல்லிவிட்டுப் புளி எடுத்துவரப் போய்விட்டார். பிரைமர் கரியில் ஈயம் இருக்கும், கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், அடுக்களைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று நான் பதறியதை மட்டும் கேட்டுக்கொண்டார். ஷெட்டுத் தொட்டியில், கையுறையோடு, புளிக்கரைசலில் பத்து நிமிஷம். குத்துவிளக்கு மாதிரி வந்தன. இங்கே இதே வேலைக்கு சிட்ரிக் அமிலத்தை டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். அளவு மீறி ஊறவிட்டால் துத்தநாகம் கரைந்து பித்தளை இளஞ்சிவப்பாகிவிடும், கூடு பலவீனப்படும் என்று எச்சரிக்கவும் செய்கிறார்கள். அத்தைக்கு அந்த எச்சரிக்கை தேவைப்படவில்லை. நிறம் மாறும் தறுவாயில் எடுத்துக் கழுவிவிட்டார். ஐம்பது வருஷம் பித்தளை அண்டா தேய்த்த கை.

துடைத்து வெயிலில் பரப்பிவிட்டுத்தான் கேட்டார்: “இதெல்லாம் எதுக்கு மாப்பிள்ளை?”

“தரை அணில் அத்தை. வயலைத் தின்னுடுது.”

“அணிலா? ராமர் தடவிக்குடுத்த அணிலையா?”

இந்த ஊர் அணிலுக்கு முதுகில் கோடே கிடையாது, ராமர் இந்தப் பக்கம் வரவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் நம்பவில்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கூடு தேய்ப்பதில்லை.

அவர் கவலைப்பட அவசியமே இல்லை. என் துப்பாக்கி இதுவரை அதிகம் கொன்றது காகிதத்தைத்தான். நூறு கஜத்தில் மூன்று குண்டும் ஓர் அங்குலத்துக்குள் விழுந்தால் நல்ல துப்பாக்கி என்பார்கள். அரை அங்குலத்துக்குள் விழுந்தால் அந்த மனிதனுடன் பேச முடியாது. எனக்கு ஒரு தடவை அப்படி விழுந்தது. மூன்று ஓட்டையும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு சோளப்பொரி அகலம்கூட இல்லை. அந்தக் காகிதத்தை வெட்டி பர்ஸில் வைத்திருக்கிறேன். அங்கே முன்பு குடும்பப் படம் இருந்தது. மற்றபடி நான் சுட்ட காகிதங்கள் எங்கே என்று யாராவது கேட்டால் குப்பை லாரி செவ்வாய்க்கிழமை வரும் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் என் மகளுக்கு அந்தப் பர்ஸ் கண்ணை உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு தாள் அச்சடித்துக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றிலும் மூன்று புள்ளி, கீழே மருந்து அளவு என்று ஓர் எண்.

“ஒரு சிநேகிதியோட அப்பா சுட்டது. இதுல எந்த அளவு நல்லதுன்னு சொல்லுங்கப்பா.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். இப்படி யாரும் என்னிடம் யோசனை கேட்டதில்லை. குழல் சுடும்போது அதிர்கிறது, அதிர்வின் அமைதியான கட்டத்தில் குண்டு வெளியேற வேண்டும், மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றிச் சுட்டுப் பார்த்தால் அந்தக் கட்டம் புலப்படும், க்ரைட்டன் ஆடெட் என்பவர் காட்டிய வழி இது, ‘ஏணிச் சோதனை’ என்பார்கள் என்று விஸ்தாரமாக ஆரம்பித்தேன். இரண்டாவது தாள் சிதறல், மூன்றில் ஒடுங்குகிறது, நான்கு அற்புதம், ஐந்தில் மறுபடி விரிகிறது. ஆகவே விடை நான்கு, குண்டை இன்னும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு உள்ளே செருகச் சொல் என்று தீர்ப்பும் சொன்னேன்.

“அப்பா, ஆறும் ஒரே கணக்கு. கம்ப்யூட்டர் குத்துமதிப்பா தூவின புள்ளி. கீழே இருக்கிற நம்பரை நான்தான் எழுதினேன்.”

ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, ஒரே ஆள் என்றாலும் மூன்று மூன்றாகச் சுட்டால் ஒரு தடவை அரை அங்குலம் வரும், அடுத்த தடவை ஓர் அங்குலம் வரும், இரண்டுக்கும் நடுவே எதுவுமே மாறியிருக்காது, வித்தியாசம் நிஜமா என்று சொல்ல இன்னும் எத்தனையோ குண்டு சுட வேண்டும் என்று விளக்கினாள். நான் நான்காவது தாளை மறுபடி பார்த்தேன். அந்தக் கம்ப்யூட்டருக்கும் நாலில்தான் அமைதியான கட்டம் இருக்கிறது என்பது என் கருத்து. அவளிடம் சொல்லவில்லை. இன்னும் எத்தனையோ குண்டு சுட வேண்டும் என்ற வாக்கியத்தை மட்டும் அவளுடைய அம்மா காதில் விழும்படி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

அடுத்த பழி காற்றின்மேல். பத்து மைல் வேகத்தில் பக்கவாட்டுக் காற்று அடித்தால் முன்னூறு கஜத்தில் என் குண்டு ஏறக்குறைய ஒரு சாண் விலகும். மூன்று குச்சி மருந்துக்காக இட்லியை ஆறவிட்டவனுக்கு ஒரு சாண்! 1980-களில் ஹூஸ்டன் நகரத்தில் வர்ஜில் கிங் முதலானவர்கள் காற்றே புகாத ஒரு பெரிய கிடங்குக்குள் நூறு கஜம் வைத்துச் சுட்டு, குண்டுமேல் குண்டு ஒரே ஓட்டையில் போட்டதாகப் படித்துவிட்டு, நமக்கும் ஒரு கிடங்கு வேண்டும் என்று வீட்டில் பேச்செடுத்தேன். “ஷெட் இருக்கே” என்றாள் மனைவி. ஷெட் இருபத்திரண்டு அடி.

வயலுக்கும் போனேன். லைசென்ஸ் வாங்கி, தெரிந்த விவசாயி ஒருவரிடம் அனுமதி கேட்டு, சுடக்கூடிய அணில் எது, சட்டம் பாதுகாக்கும் வட ஐடஹோ அணில் எது, அது எந்தப் பக்கம் வாழ்கிறது என்று பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துவிட்டுத்தான் போனேன். மேசையை நட்டு, மணல்பையை வைத்து, காற்றை அளந்து, தூரத்தை அளந்து, கண்ணை வைக்கும்போது அணில் உள்ளே போய்விட்டது. விவசாயியின் பேரன் கடையில் வாங்கிய சாதாரணத் தோட்டாவைக் கால்சட்டைப் பையில் குலுக்கிக்கொண்டே நடந்துபோய், மத்தியானத்துக்குள் வரப்பை ஒருவழி பண்ணிவிட்டான். “உங்க தோட்டா ரொம்பப் பளபளன்னு இருக்கு” என்று அவன் சொன்னதை அத்தையிடம் சேர்ப்பித்தேன்.

அந்த விவசாயிதான் இன்னொன்றும் சொன்னார். ஸ்நேக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கூடுகட்டும் வல்லூறுகளுக்கு இந்த அணில்தான் சோறு. சுட்டுப் போட்டதைத் தின்றால் ஈயத்துகள் வயிற்றுக்குள் போகும், ஈயமில்லாத குண்டுக்கு மாறுங்கள் என்றார். நியாயம். ஆனால் அதைச் செய்யும் செம்பு ஈயத்தைவிட லேசு. அதே எடைக்குக் குண்டு நீளும். நீளமான குண்டு தடுமாறாமல் பறக்கக் குழலுக்குள் இன்னும் நெருக்கமான புரி வேண்டும். என்னுடையதோ பழைய வழக்கப்படி பதினான்கு அங்குலத்துக்கு ஒரு சுற்று.

துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். குழலுக்குள் கேமரா விட்டுத் திரையில் காட்டினார். குண்டு புரியில் ஏறும் இடம் வெடிப்பு வெடிப்பாகக் கிடந்தது. இந்த வேகத்துக்கு உலோகம் சில ஆயிரம் தோட்டாதான் தாங்குமாம். தேயத் தேயப் புரி பின்வாங்கிப் போகுமாம். ஆயிரத்தில் ஓர் அங்குலக் கணக்கில் குண்டைச் செருகி நான் கண்டுபிடித்த அளவெல்லாம், கண்டுபிடிப்பதற்காகச் சுட்ட தோட்டாவாலேயே செல்லாமல் போயிருக்கிறது.

“அணிலைச் சுட்டா இவ்வளவு தேயாதே?” என்றார் அவர்.

புதுக் குழலுக்குச் சொல்லிவிட்டு, எக்செல்லில் ‘ஒரு தடவைச் செலவு’ தாளில் இரண்டாம் தடவையாக அதைப் பதிந்தேன். பழைய குழலைக் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்து வாங்கி, சாணால் அளந்தார்.

“ரெண்டடிதானே மாப்பிள்ளை இருக்கு. அவரைக்கொடிக்கு நடப் பத்தாது. இன்னொண்ணு எப்போ தேயும்?”