பாப்பா தூங்கும் நேரம் கழிவு

எங்கள் அடுக்ககத்தில் அவருக்கு எக்செல் சார் என்றுதான் பெயர். பெற்றோர் வைத்த பெயர் மெயின்டனன்ஸ் ரசீதில் மட்டும் இருக்கிறது. ஓஎம்ஆர் நெடுக, பிளாக்குக்கு ஒருவராவது இவர் ஜாடையில் கிடைப்பார்.

சட்டம் தெரிந்தவர். 2017 திருத்தப்படி மனைவிக்கு 26 வாரம் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு உண்டு, 50 பேர் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் உண்டு என்று மனைவியின் கம்பெனிக்குப் பிரிவு எண்ணோடு மெயில் எழுதிக் கொடுத்ததே இவர்தான். விடுப்பு கிடைத்தது. காப்பகத்துக்கு அவர்கள் காட்டிய இடம் ஊரின் மறுகோடியில். ஆக, வீட்டோடு பார்த்துக்கொள்ள ஓர் ஆயாம்மா தேவைப்பட்டார்.

பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பிலிருந்து ஓர் அக்கா வந்தார். நான் அப்போது டிரில்லிங் மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். வேடிக்கை பார்க்கத்தான் உட்கார்ந்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

"எவ்ளோ எதிர்பார்க்குறீங்க?"

"காலைல எட்டரைக்கு வந்தா சாயந்தரம் ஆறரை ஆவுது. பதினெட்டு சார்."

சார் பதில் சொல்லவில்லை. லேப்டாப்பைத் திறந்தார். கலர் கலராகக் கட்டங்கள். ஒரு வரிசையின் தலைப்பு: 'பாப்பா தூங்கும் நேரம் – கழிவு.'

"பாப்பா மத்தியானம் மூணு மணி நேரம் தூங்கிடுவா. அந்த நேரத்துல உங்களுக்கு வேலை எதுவும் இல்லல்ல?"

அக்கா யோசித்தார். "அப்ப பாப்பா தூங்குனதும் நான் வீட்டுக்குப் போயி துணி தோய்ச்சுப் போட்டுட்டு வந்துரட்டா சார்?"

அந்த வரிசையை அழித்தார். கோபமே வராது அவருக்கு; அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்.

"போக்குவரத்துச் செலவு உங்களுக்குக் கிடையாது. 2021லேர்ந்து லேடீஸுக்கு டவுன் பஸ் ஃப்ரீ."

"ஃப்ரீதான்."

"மாசம் ஆயிரம் உரிமைத் தொகை வேற வருதுல்ல?"

"அது கவர்மெண்ட் குடுக்குது சார். நீங்க எவ்ளோ குடுப்பீங்க?"

அரசாங்கம் கொடுப்பதையும், எதிர் வீட்டுக்காரர் தீபாவளிக்குக் கொடுக்கும் புடவையையும், தன் வீட்டில் மிஞ்சும் சாம்பாரையும் சேர்த்துக் கூட்டினால் அக்காவின் வருமானம் எங்கேயோ போய்விடுகிறது என்று சார் உண்மையாகவே நம்பினார். அதில் தன் பங்கு எவ்வளவு சிறிதாக இருந்தால் போதும் என்பதைத்தான் எக்செல் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கடைசி அஸ்திரமாக 2018இல் தமிழக அரசு வீட்டு வேலைக்கு அறிவித்த குறைந்தபட்சக் கூலியை எடுத்தார். மணிக்கு 40 ரூபாய்க்குள். "கவர்மெண்ட் ரேட்டே இவ்வளவுதான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். குறைந்தபட்சம் என்ற சொல்லை அவர் அதிகபட்சம் என்று வாசித்தார். சென்ற வாரம் மாலில் காரை ஒரு மணி நேரம் நிறுத்த அதைவிட அதிகம் கொடுத்துவிட்டு வந்தவர்தான். அங்கே லேப்டாப்பைத் திறக்கவில்லை.

இதில் நான் சிரிக்க முடியாது. "ரேட்டைக் கெடுத்துடாதீங்க" என்பது எங்கள் வாட்ஸப் குழுவில் எழுதாத விதி. கோடி ரூபாய் வீட்டுக்காரர்கள், யாராவது ஆயாவுக்கு ஐந்நூறு கூட்டிக் கொடுத்தால் பிளாக்கே குடிமுழுகிப் போனதுபோலப் பதறுவோம். சார் முடித்த தொகையைத் தெரிந்துகொள்ள நானே மூன்று நாள் லிஃப்டில் காத்திருந்தேன். பதினைந்தாயிரத்து ஐந்நூறு. "பதினாறுலேர்ந்து ஐந்நூறு இறக்கினேன்" என்றார். பதினெட்டிலிருந்து பதினாறுக்கு வந்ததை அவர் தன் கணக்கில் சேர்க்கவில்லை. அது தானாக நடப்பது.

மறு வாரமே, "அக்கா எங்க வீட்டுல ஒருத்தி மாதிரி" என்று வருவோர் போவோரிடம் மேடம் சொல்ல ஆரம்பித்தார். காபி குடிக்கப் போனபோது கவனித்தேன். அடுப்படி ஜன்னல் ஓரத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் தனியாகக் கவிழ்ந்திருந்தது. அடியில் சிவப்பு நெயில்பாலிஷால் ஒரு பொட்டு. மற்ற டம்ளர்களோடு கலந்துவிடாமல் இருப்பதற்கு.

ஏழாவது மாதம் அந்த ஒருத்தி சி பிளாக்குக்குப் போய்விட்டார். அங்கே பதினேழரை. சார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "இந்தக் காலத்துல யாருக்கும் விசுவாசமே இல்ல சார்." ஆறு வருடத்தில் நான்கு கம்பெனி மாறியவர் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் முப்பது சதவீதம் ஏற்றிக்கொண்டு மாறியதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் கேரியர் குரோத்.

போன வெள்ளிக்கிழமை சார் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழ்த்தளத்தில் லிஃப்டுக்கு நின்றார், ஒரு காதில் கம்பெனி மீட்டிங். கதவு திறந்தால் உள்ளே அக்கா, வேறொரு குழந்தையோடு. பாப்பா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவியது. அக்கா சிரித்து, அதன் கன்னத்தை வழித்து முத்தமிட்டுக்கொண்டார்.

"புது ஆளு கெடைச்சுதா சார்?"

சார் மைக்கை மியூட் செய்தார். "பாத்துட்டிருக்கோம்."

"என் நாத்தனார் ஒருத்தி இருக்கா. கண்ணகி நகரு. புள்ளைங்கள நல்லாப் பாத்துக்குவா." வெளியே வந்து சேலையைச் சரி செய்துகொண்டார். "இருவது கேப்பா. ஆனா ஒண்ணு சார், பஸ்ஸுக் காசு கேக்க மாட்டா. அதான் ஃப்ரீயாச்சே."