தங்கவயல்காரர்கள் எந்த மாநிலம்?

என் தாத்தா ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கோலார் தங்கவயலுக்கு வந்தது 1920-களில். அன்று ஆம்பூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. தங்கவயல் மைசூர் மகாராஜாவின் சமஸ்தானத்தில் இருந்தது. இரண்டுக்கும் சட்டம் வேறு, போலீஸ் வேறு, கோர்ட்டு வேறு. ஆனால் ஆள் சேர்க்க வந்த மேஸ்திரி, நீ எந்த ராஜ்யத்து ஆள் என்று ஒருவரையும் கேட்கவில்லை. உடம்பு திடமாக இருக்கிறதா, பூமிக்குள் இறங்கப் பயப்படாமல் இருப்பானா என்று மட்டும் பார்த்தார். தாத்தாவிடம் ஒரு காகிதம்கூட இல்லை. மறுவாரமே வேலை, குடியிருக்க வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டில் ஓர் அறை, கடையில் கடன் எல்லாம் கிடைத்துவிட்டன.

அவருடைய கொள்ளுப்பேத்தி, என் மகள், ஆம்பூரிலேயே பிறந்து அங்கேயே பள்ளி முடித்தவள். கல்லூரியில் சேரப் போனபோது அவள் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவள் என்று நாங்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது.

தங்கவயலின் கதையைச் சினிமா பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் இன்று ஏராளம். நாங்கள் அறிந்த கதை வேறு. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தைக் கையில் எடுத்த பிறகு வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். பெரும்பாலும் சேரிகளிலிருந்து வந்த நிலமற்றவர்கள். பண்ணை வேலையையும் பஞ்சத்தையும் விட்டு ஓடி வந்தவர்களுக்குப் பாலாறுதான் வழி. அந்த ஆற்றில் கட்டிய பேத்தமங்கலம் ஏரியின் தண்ணீர்தான் சுரங்கத்துக்கும் வந்தது. ஆம்பூரில் மணலாகக் கிடந்த ஆற்றை இங்கே குழாயில் குடித்தோம் என்று பாட்டி சொல்வார்.

1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து முதலில் எங்கள் சுரங்கத்துக்குத்தான் கொடுத்தார்கள். பெங்களூருக்கு அது போய்ச் சேர்ந்தது 1905-இல். வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்களில் விளக்கு எரிந்தது. லைன் வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குதான். இருந்தாலும் பெங்களூரைவிட எங்கள் ஊர் முந்தியது என்ற பெருமை தாத்தாவுக்குக் கடைசிவரை இருந்தது. அந்த மின்சாரத்தில், சுரங்கத்துக்குள் ஆள் இறங்கும் கூண்டை இயக்கியவர்களில் அவரும் ஒருவர். பெருமைப்பட அவருக்கு முழு உரிமை உண்டு.

1930-இல் தங்கவயலில் ஒரு பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை வைத்துப் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, நாங்கள் என்ன திருடர்களா என்று கேட்டு ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். தலைவர் என்று பெரிதாக யாரும் இல்லாத போராட்டம் அது. தாத்தா அதில் இருந்தார். அதே ஊரில் இன்று ரேஷன் அரிசிக்குக் கட்டைவிரலை இயந்திரத்தில் வைக்கிறோம். சுத்தியலும் துரப்பணக் கருவியும் பிடித்துத் தேய்ந்துபோன முதியவர்களின் ரேகை பல நேரம் விழுவதில்லை. அவர்கள் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் 1930 நினைவுக்கு வரும்.

கூலிகளின் ஊர் என்று மட்டும் இதை நினைத்துவிடக் கூடாது. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் கிளைகள் இருந்தன. 1907-இல் சென்னையில் அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைந்த பின் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் ஆசிரியத்துவத்தில் வெளிவந்தது. பண்டிதரின் நூல்களைக் காப்பாற்றி அச்சிட்டவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான். பகலில் பாறை உடைத்தவர்கள் இரவில் அச்செழுத்துக் கோத்தார்கள். தமிழ்நாடு என்ற பெயரில் ஒரு மாநிலம் உருவாகாத காலம் அது.

என் அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடுபவர், சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கத்தில் வேலை பார்த்தார். அது 3 கிலோமீட்டருக்கும் ஆழமானது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். அழுத்தம் தாங்காமல் பாறை வெடிப்பதை ஏர் பிளாஸ்ட் என்போம். லைன் வீட்டில் சட்டி பானை குலுங்கும். அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் ஷாஃப்ட் பக்கம் நடப்பார். எங்கள் தெருப் பெண்கள் எல்லோருமே அப்படித்தான் நடப்பார்கள். ஷிஃப்ட் முடிந்து கூண்டு மேலே வரும் வரையில் யாரும் வீடு திரும்ப மாட்டார்கள். ஏர் பிளாஸ்டுக்குத் தப்பியவர்களைப் பாறைத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் பிடித்துக்கொண்டது. நைனாவின் இருமல்தான் எங்கள் வீட்டின் இரவுச் சத்தம்.

1956-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. சுரங்கம் மைசூர் அரசின் உடைமையானது. மொழிவழியாக மாநிலங்கள் பிரிந்தன. 1962-இல் மத்திய அரசு சுரங்கத்தை எடுத்துக்கொண்டது. 1972-இல் அது பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. சுரங்கத்தின் சொந்தக்காரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அடியில் இருந்தவர்கள் மாறவில்லை. தமிழ் பேசுகிற ஒரு நகரம் கன்னட மாநிலத்துக்குள் இருந்தது. சட்டமன்றத் தொகுதியில் குடியரசுக் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் அண்ணா திமுகவும்கூட வென்றிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்தோடு எங்களுக்கு ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. நைனா கன்னடம் நன்றாகப் பேசுவார், நானும் பேசுவேன்.

சுரங்கம் இளைத்துக்கொண்டிருப்பது 1980-களிலேயே தெரிந்துவிட்டதால் என்னை நைனா பூமிக்குள் இறங்க விடவில்லை. அதிகாலை மாரிகுப்பம் ரயில் ஏறி, பெங்களூரில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதிவிட்டு இருட்டிய பிறகு திரும்புவேன். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்ற இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்ததும் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அன்று கன்டோன்மென்ட் பக்கத்தில் என்னைத் தன் வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தியது ஒரு கன்னடக் குடும்பம். அடுத்த வருடம் நைனாவே சொன்னார்: “நீ ஆம்பூருக்கே போய்டுப்பா. அங்க நம்ம ஜனம் இருக்குது.” தாத்தா வந்த வழியே திரும்பிப் போனேன். தோல் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது.

நம்ம ஜனம் இருந்தது. ஆனால் சான்றிதழ் கிடைக்கவில்லை.

மகளுக்குச் சாதிச் சான்று கேட்டபோது அலுவலகத்தில் ஒருவர் மரியாதையாகவே சொன்னார்: “சார், உங்க அப்பா கர்நாடகாதானே? அங்க வாங்கிட்டு வாங்க. அதை வச்சு இங்க ஒண்ணு தருவோம். ஆனா இந்த மாநில இடஒதுக்கீட்டுக்கு அது செல்லாது.” அவர் சொன்னது சட்டம். பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10-இல் வந்தது. பட்டியல் மாநிலவாரியானது. அந்தத் தேதியில் ஒரு குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்ததோ அதுதான் அதன் பூர்வீக மாநிலம். வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தத் தகுதி கூடவே வராது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் சொன்னது. 2018-இல் அரசியல் சாசன அமர்வும் அதை உறுதிசெய்தது.

ஆதி திராவிடர் என்ற பெயர் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது, கர்நாடகப் பட்டியலிலும் இருக்கிறது. தாத்தாவின் அண்ணன் ஆம்பூரிலேயே தங்கிவிட்டார். அவர் வழிப் பிள்ளைகளுக்கு இங்கே எல்லா உரிமையும் உண்டு. கூடப் பிறந்த தம்பி சுரங்கத்துக்குப் போனதால் அவர் வழிப் பிள்ளைகளுக்கு இல்லை. சரி, கர்நாடகத்தில் கேட்கலாம் என்றால், அங்கே அரசு இடத்துக்குப் போட்டியிடக் குறைந்தது ஏழு ஆண்டுகள் அந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. என் மகள் படித்தது தமிழ்நாட்டில். சேரியின் இழிவு அவளுக்கு இரண்டு பக்கமும் உண்டு. அதற்கான பரிகாரம் மட்டும் எந்தப் பக்கமும் இல்லை. பொதுப்பிரிவில் போட்டியிட்டுத்தான் சேர்ந்தாள்.

இடம் மாறுகிறவர்களை வேறொரு நாடு எப்படி நடத்துகிறது என்றும் பார்த்தேன். எங்கள் லைனில் வளர்ந்த ஒரு பெண் கனடாவில் நிரந்தர வசிப்புரிமை பெற்று முதலில் சஸ்காட்சுவானில் இறங்கினாள். பிறகு வேலைக்காக ஒன்டாரியோவுக்கு மாறினாள். அந்நாட்டுக் குடிமக்களாகவே ஆகாத நிரந்தரவாசிகளுக்கும் எந்த மாகாணத்துக்கும் குடிபெயரும் உரிமையை அவர்களுடைய 1982 உரிமைச் சாசனம் தருகிறது. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது மருத்துவக் காப்பீடு. புதிய மாகாணம் காத்திருக்கச் சொல்லலாம், ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் முடியாது. அதுவரை பழைய மாகாணமே செலவை ஏற்க வேண்டும். இரண்டு அரசுகளுக்கு நடுவில் ஆள் விழுந்துவிடக் கூடாது என்று யோசித்து எழுதிய விதி அது. தேசத்தின் எந்தப் பகுதியிலும் வசிக்கும் உரிமையை நம் அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவும் தருகிறது. ஆனால் நடுவில் விழுகிறவரைப் பற்றி அது பேசவில்லை.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுத்த இடம். தங்கம் பிரித்த பின் மிஞ்சிய கழிவான சயனைடு மேடுகள் அப்படியே இருக்கின்றன. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் வீட்டுக்குள் வருகிறது. இப்போது விடியுமுன் மாரிகுப்பம், சாம்பியன், உரிகம் நிலையங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் ரயிலேறி ஒயிட்ஃபீல்டிலும் கிருஷ்ணராஜபுரத்திலும் இறங்குகிறார்கள். காவலாளிகள், துப்புரவுப் பெண்கள், கடைப் பையன்கள், கம்ப்யூட்டர் படித்தவர்கள் எல்லோரும் அதில் உண்டு. தாத்தா இரண்டு ராஜ்யங்களுக்கு நடுவே ஒரே முறை பயணம் செய்து வேலையும் வீடும் பெற்றார். அவர் பேரப்பிள்ளைகள் ஒரே மாநிலத்துக்குள் தினமும் போக வர 100 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்கிறார்கள்.

பட்டியலைத் திருத்தும் அதிகாரம் அரசியல் சாசனத்தின் 341-வது பிரிவின்படி நாடாளுமன்றத்துக்குத்தான் உண்டு. ஒரே சாதி இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருந்தால், குடிபெயர்ந்த குடும்பத்துக்கு அந்தத் தகுதி கூடவே வரவேண்டும். இதை இரு மாநில உறுப்பினர்களும் சேர்ந்து கேட்க வேண்டும்.

அதுவரை தங்கவயல் குடும்பங்களுக்கு ஒன்று சொல்கிறேன். தாத்தாவின் சுரங்க சர்வீஸ் பதிவேடு, சம்பளச் சீட்டு, பழைய பள்ளிச் சான்று என்று 1950-க்கு முந்தைய காகிதம் எது கிடைத்தாலும் தூக்கிப் போடாதீர்கள். நகல் எடுத்து, பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் ஒன்று கொடுத்து வையுங்கள். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.