கோப்பிக்குக் கோச்சி, கூலிக்குக் கால்நடை

இலங்கையில் ரயில் விட்டது சனங்களுக்காக என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அது கோப்பிக் கொட்டைக்காக விட்ட ரயில். சனங்கள் பிறகு தொற்றிக்கொண்டவர்கள்தான்.

கண்டி மலையில் கோப்பி பழுத்துக் கிடந்தது, கொழும்பில் கப்பல் காத்துக் கிடந்தது. நடுவில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் வெட்டுவித்த ரோடு. அதில் மாட்டுக் கரத்தைகள் வாரக்கணக்கில் ஆடி அசைந்து இறங்கின. மழை பெய்தால் சக்கரம் சேற்றுக்குள், மாட்டுக்கு நோய் கண்டால் மூட்டை ரோட்டோரம். கொழும்பு போய்ச் சேரும்போது மூட்டை இளைத்திருக்கும். வழியில் யார் கை வைத்தது என்று கேட்டால் எல்லோரும் மாட்டைக் காட்டுவார்கள். தோட்டத் துரைமார் மனு மேல் மனுவாக எழுதித் தள்ளினார்கள். 1845இல் கம்பனி ஒன்று கிளம்பியது, தண்டவாளம்தான் கிளம்பவில்லை. 1858இல் ஆளுநர் ஹென்றி வார்ட் வந்து முதல் மண்ணை வெட்டினார். கடைசியில் அரசாங்கமே வேலையைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டது.

1864 டிசம்பர் 27ஆம் திகதி முதல் கோச்சி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்குப் புறப்பட்டது. ஏறி உட்கார்ந்த விருந்தாளி பெல்ஜியத்து இளவரசர். பிற்பாடு மன்னர் இரண்டாம் லியோபோல்ட் ஆகிக் கொங்கோவையே உறிஞ்சிக் குடித்த அதே மகான். தோட்டப் பொருளாதாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான முதல் பயணி வாய்த்திருக்க முடியாது.

1867இல் கோச்சி கண்டியைத் தொட்டது. துரைமார் பெருமூச்சு விட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை, 1869இல் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சணம். துரைமார் அதற்கு 'நாசகார எமிலி' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததைத் தவிர அவர்களால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. 1885இல் கோச்சி மூச்சிரைக்க நானுஓயா ஏறியபோது கோப்பித் தோட்டங்கள் திவால். பட்ட கோப்பிக் கட்டைகளைச் சீமைக்கு அனுப்பி, தேநீர் மேசைக்குக் கால் செய்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கோச்சி கண்டிக்கு வந்த அதே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பிக்காகப் போட்ட பாதையில் தேயிலை சொகுசாக இறங்கியது.

சரி, கோப்பியைப் பறித்தவர்கள் எப்படி வந்தார்கள்? இராமநாதபுரம், மதுரை, திருச்சிப் பக்கத்துச் சனங்கள் தோணியில் மன்னாருக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணிக்குக் கடன், காட்டில் காய்ச்சல், வழியெல்லாம் வாந்திபேதி. எத்தனையோ பேர் மலையைக் கண்ணால் காணவே இல்லை. மூட்டைக்குக் கூரை போட்ட பெட்டி கிடைத்து ஐம்பது வருடம் கழித்து, 1914இல்தான் தலைமன்னாருக்குக் கோச்சி வந்தது. அவசரம் யாருக்கு என்பது அரசாங்கத்துக்குத் தெரியாதா என்ன?

1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, இந்த வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவெடுத்தார்கள். முதல் கோச்சி ஓடி நூறு வருடம் நிறையும் நேரம். நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளை இந்தத் தடவை யாரும் நடக்க விடவில்லை. தலைமன்னார் வரை கோச்சியிலேயே அனுப்பிவைத்தார்கள்.