சம்ப் போல்ட்டின் இறுக்கமும் ஒழுகலும்: ஓர் ஆய்வுக்கான முன்னுரையின் முன்னுரை

காரின் அடிவயிற்றில் ஆயில் சம்ப்பைத் தாங்கி நிற்கும் போல்ட்டுகளைப் பற்றி இதுவரை முறையான ஆய்வு நிகழவில்லை என்று தொடங்குவது மரபு. நிகழ்ந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது மரபன்று. இறுக்கம் மூவகைப்படும். குறை இறுக்கத்தில் ஒழுகும். நிறை இறுக்கத்தில் ஒழுகாது; ஒழுகாததில் பட்டம் பெற வழியில்லை. எஞ்சுவது மிகை இறுக்கம். அதிலும் ஒழுகும், குறை இறுக்கத்தைவிடப் பிடிவாதமாக ஒழுகும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

சான்று வருமாறு. பெரும்பாலான கார்களில் இந்த போல்ட் 6 மில்லிமீட்டர் தடிமன்தான். பத்தாம் நம்பர் ஸ்பானருக்கு அடங்கிவிடும். வண்டிக்கு வண்டி மாறினாலும், அது கேட்கும் முறுக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர். 10 சென்டிமீட்டர் நீள ஸ்பானரில் இது சுமார் 10 கிலோ எடையின் அழுத்தம். அதே போல்ட்டில் நீளமான ராட்செட்டை மாட்டி உடம்பையே சாய்த்தால், தகட்டு சம்ப்பின் விளிம்பு துளையைச் சுற்றிக் குழிகிறது. இரு துளைகளுக்கு நடுவே மேடாகிறது. குழிந்த இடத்தில் பேக்கிங் பிதுங்கி வெளியேறும், மற்ற இடத்தில் பிடிப்பே இருக்காது. ஆயில் அந்த வழியாக வருகிறது. வருவதைக் கண்டு மறுபடி இறுக்குகிறார்கள். அலுமினிய பிளாக் என்றால் மரையே கழன்று கையோடு வந்துவிடும். ஆராய்ச்சி அத்துடன் நிறைவுறும்.

இனி, இத்துறையின் உயிர்நிலையான கால்சுற்றுக் கோட்பாடு. போல்ட் இறுகி நின்ற பிறகு, ‘எதுக்கும் இன்னொரு கால் சுத்து’ என்று சேர்ப்பது ஷெட்டுகளின் தொல்வழக்கு. அந்தக் கால் சுற்றை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள். போல்ட்டின் தலை தகட்டைத் தொட்ட கணத்திலிருந்து என்பது தொடுநிலைவாதம். கை வலித்த கணத்திலிருந்து என்பது வலிநிலைவாதம். தொட்டதுமே கை வலிப்பவருக்கு இரண்டும் ஒன்றே என்று நிறுவியது சமரசவாதம்; கருத்தரங்குகளில் மதியச் சாப்பாடு இவர்களுக்கு மட்டும்தான். மூன்று வாதங்களும் கவனிக்கத் தவறியது, கால் சுற்று தனியாக வருவதில்லை என்பதை. பையன் ஒன்று வைப்பான். பையன் மீது நம்பிக்கையில்லாத மேஸ்திரி ஒன்று வைப்பார். மேஸ்திரி மீது நம்பிக்கையில்லாத வண்டிக்காரர் ஒன்று வைப்பார். மேற்பார்வைக்கு வந்த மைத்துனர் சும்மா இருக்க முடியாமல் நான்காவதையும் வைத்தால் முழுச் சுற்று. இந்த மரையின் புரி இடைவெளி 1 மில்லிமீட்டர். பேக்கிங்கின் மொத்தக் கனமே சில மில்லிமீட்டர்தான். கையேட்டைப் பார்க்கலாமே என்பீர்கள். ஷெட்டில் கிடைக்கும் மசிப் பிரதியில் எண் இருக்கும் இடத்தில் மட்டும் கறை இருக்கும். அதை 10 என்று படிப்போர் ஒரு சாரார். 40 என்று படித்து, மூலபாடம் மீட்கப்பட்டதாக அறிவிப்போர் மறு சாரார். அடுத்த வரியிலுள்ள டிரெய்ன் பிளக்கின் எண்ணே மேலே ஏறி இடைச்செருகலாயிற்று என்பது நம் கருத்து. இரண்டாம் சாரார் போல்ட்டை முறித்த பின்னும் பாடத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

முதல் மறுப்பு: சிலிகான் தாராளமாகப் பூசினால் போதாதா? போதாது. துடைத்துக் காய்ந்த பரப்பில் மெல்லிய கோடு ஒன்றே போதும். மிஞ்சியது உள்ளே பிதுங்கி, ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். வாதம் கசியும் இடங்களில் எல்லாம் அடிக்குறிப்பு பூசிப் பழகியவர்களுக்கு இது கசக்கலாம். இரண்டாம் மறுப்பு: டார்க் ரெஞ்ச் இருக்கும்போது முறை எதற்கு? மரையில் ஆயில் பட்டிருந்தால் உராய்வு குறைந்து, அதே எண்ணிலேயே மிகையாக இறுகிவிடும். தவிர, ஒரு மூலையை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் சம்ப் சாய்ந்தே உட்காரும். எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் ஏற்றி, நடுவிலிருந்து வெளியே, எதிரெதிராகத் தாவி, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். பாட்டின் ஓரடியைத் தொலைவிலுள்ள அடியோடு தாவிப் பிணைக்கும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் முறையை முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் மறைமலையடிகள் மறுத்தார். பாட்டுக்கு ஆகாத அம்முறை சம்ப்புக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

மூன்றாம் மறுப்புதான் வலுவானது: எல்லாம் சரியாகச் செய்தும் சம்ப் ஒழுகுகிறதே? ஒழுகுவது சம்ப் என்று யார் சொன்னது? டாப்பெட் கவர் பேக்கிங்கிலோ ஆயில் ஃபில்டரிலோ கசிந்தது எஞ்சின் வழியே இறங்கி, ஆகத் தாழ்ந்த இடமான சம்ப்பில் வந்து சொட்டும். கிடைத்த இடமே பிறந்த இடம் என்று முடிவுகட்டும் ஆய்வுமுறை வேறு துறைகளில் செல்லுபடியாகலாம். இங்கே பேக்கிங் காசு வீண். ஆகவே, இதைப் படித்துக்கொண்டே ஸ்பானரைக் கையிலெடுத்துவிட்டவர்கள் தயவுசெய்து அதைக் கீழே வையுங்கள். எஞ்சினை மேலிருந்து கீழ்வரை துடைத்துவிட்டு, வண்டியை ஓட்டிப் பார்த்து, ஈரம் எங்கே தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள்.