சைக்கிளைத் தோளில காவக் காசு கட்டின பேரனுக்கு

பேரா,

நீ பெல்ஜியத்தில சேத்துக்குள்ள சைக்கிள் ஓடுற போட்டிக்குப் பேர் குடுத்திட்டாய் எண்டு கொப்பன் போனில சொன்னான். நல்ல சந்தோசம். படிச்சு முடிச்சு, வேலையும் எடுத்து, ஒரு லாண்ட்மாஸ்ரருக்கு முற்பணம் கட்டுற விலையில சைக்கிளும் வாங்கி, இப்ப அந்தச் சைக்கிளைத் தோளில காவிக்கொண்டு ஓடுறதுக்கு வேறையாக் காசும் கட்டியிருக்கிறாய். எங்கட முரசுமோட்டையில இதுக்கு ஒருத்தரும் காசு வாங்கிறேல்லை. மார்கழியில ஒருக்கா வயல்பக்கம் போட்டு வந்தாக் காணும், எல்லாம் இலவசம்.

சைக்ளோகுறொஸ் எண்டு பேராம். உன்ர மச்சாள் போனில படம் போட்டுக் காட்டினவள். நானும் அப்பம்மாவும் வடிவாப் பாத்தம். பெரிய புல்வெளி, அதுக்குள்ள றிபன் கட்டி வளைச்சு வளைச்சு ஒரு பாதை. ஒரு சுத்து ரெண்டரையில இருந்து மூண்டரைக் கிலோமீற்றர் வருமாம். பெரிய ஓட்டக்காரர் ஒரு மணித்தியாலம் சுத்துவினம், புதுசா வந்தவையை அதுக்கு முன்னமே விட்டிடுவினம். இடையில சேறு, மணல், படிக்கட்டு. அது காணாதெண்டு அவங்களே ரெண்டு பலகையைக் குறுக்க நட்டு வைச்சிருக்கிறாங்கள். பலகை 40 சென்ரிமீற்றருக்கு மேல உயரக் கூடாதெண்டு சட்டமும் இருக்காம். எல்லாரும் அதில இறங்கி, சைக்கிளைத் தூக்கி, பாய்ஞ்சு, திரும்ப ஏறி ஓடுகினம். அப்பம்மா முழுக்கப் பாத்து முடிச்சிட்டுக் கேட்டவள்: "பக்கத்திலயே நல்ல ரோட்டுப் போகுது. உவையள் ஏன் உதால போகினம்?" என்னட்டை மறுமொழி இல்லை. நீ கண்டுபிடிச்சா எழுது.

இது பிரெஞ்சுக்காரற்ர வேலை. டானியல் கூசோ எண்டு ஒரு பட்டாளத்துக்காரன், காட்டுக்குள்ளால குதிரையில போற தன்ர அதிகாரிக்குப் பக்கத்தில சைக்கிளில போய்ப் பழகினவனாம். அதிகாரிக்குக் குதிரை, இவனுக்குச் சைக்கிள். அதில அவனுக்கு ருசி வந்திட்டுது பாத்தியே! கூட்டாளியளையும் சேர்த்து, 1902 இல நாட்டுக்கே ஒரு போட்டி வைச்சிட்டாங்கள். 1910 இல ஒக்ராவ் லாப்பீஸ் எண்டவன் பிரான்சைச் சுத்துற பெரிய ஓட்டத்தில வெண்டுபோட்டு, மாரியில சேத்துக்க உருண்டுதான் இந்தத் தெம்பு வந்தது எண்டு சொன்னானாம். பிறகென்ன, ரோட்டில ஓடினவை எல்லாம் சேத்துக்க இறங்கீட்டினம். 1950 இல பாரிசில முதல் உலகப் போட்டி, அதில ஜான் ரொபிக் வெண்டான். அதுக்குப் பேந்து உன்ர பெல்ஜியத்தார் அதை வளைச்சுப் போட்டாங்கள். எரிக் டி விளாமிங்க் எண்டவன் மட்டும் ஏழு தரம் உலக வெற்றி எடுத்தவன். நீ ஓடப்போறது அவங்கட ஊரில. அதையும் ஒருக்கா யோசிச்சுக்கொள்.

சரி, கட்டின காசு திரும்பி வராது. ஓடத்தான் வேணும். ஓடுறதெண்டா முதல் இறங்கப் பழகு. ஏறுறது பெரிய காரியமில்லை. கொப்பன் கால் எட்டாத வயசிலயே பாருக்குள்ளால காலை விட்டு என்ர ரலி சைக்கிளை உழக்கித் திரிஞ்சவன். இறங்கிறதுதான் வித்தை. சேறு உன்னை இறக்க முன்னம் நீயா இறங்கினா அது மரியாதை. சேறு இறக்கினா அதுக்குப் பேர் விழுகிறது. பலகை வர நாலைஞ்சு யாருக்கு முன்னமே வலக்காலைச் சீற்றுக்குப் பின்னால சுத்தி இடப்பக்கம் கொண்டு வந்திட வேணும். இடக்கால் பெடலில நிண்டபடி உருண்டு வந்து, வலக்காலை நிலத்தில வைக்கேக்க ஓட்டமா வைக்க வேணும். எங்கட பால்காரர் கரியரில பால் கானோட படலையடியில இறங்கிறது ஞாபகம் இருக்கோ? சைக்கிளும் நிக்காது, ஆளும் நிக்காது, பாலும் தளும்பாது. அந்த மனுசனுக்கு ஒரு நாடும் மெடல் குடுக்கேல்லை.

திரும்ப ஏறேக்க குதிக்காதை. வலத் தொடையின்ர உள்பக்கம் சீற்றில பட்டு வழுக்கிக்கொண்டு போய் இருக்க வேணும். நேர நடுவில போய் விழுந்தியெண்டா, பூட்டப்பிள்ளையைக் காணவேணும் எண்ட என்ர ஆசை அதோட சரி.

காவுறதுக்கு வலத் தோள். செயின் வலப்பக்கம் இருக்கிறபடியால் அது உடம்பில படாமல் வெளிப்பக்கமா நிக்கும், சேட்டில கிறீஸ் பிரளாது. உன்ர சைக்கிள் எட்டுக் கிலோ எண்டு கொப்பன் சொன்னான். எட்டுக் கிலோ! என்ர லுமாலாச் சைக்கிளில கரியரையும் ஸ்ராண்டையும் செயின் கவரையும் கழட்டிக் கூட்டினா உன்ர சைக்கிளில அரைவாசி வரும். அதைக் காவுறதுக்கு நீ ஜிம்முக்கும் போறியாம். போ, போ.

எங்கட பாடு உனக்குத் தெரியும்தானே, மறந்திருந்தா ஞாபகப்படுத்துறன். காலபோக விதைப்பு முடிஞ்சு மழை இறங்கினா, பரந்தன் முல்லைத்தீவு ரோட்டில இருந்து வயலுக்குப் போற மண்பாதை களியாப் போயிடும். முதல் பத்து முழத்துக்குக் களி ரயரில ஒட்டும். அடுத்த பத்து முழத்தில மட்காட்டுக்குள்ள ஏறி அடையும். பேந்து சில்லுச் சுத்தாது. சாறத்தை மடிச்சுக் கட்டி, செருப்பு ரெண்டையும் ஹாண்டிலில கொழுவி, வேலியில ஒரு பூவரசங் கம்பை முறிச்சு மட்காட்டுக்குள்ள விட்டுக் கிண்டி எடுக்க வேணும். கிண்டி எடுத்து நாலடி உருட்ட, திரும்ப அடையும். கடைசியில சைக்கிள் எங்களைக் காவாது, நாங்கள் சைக்கிளைக் காவுவம். விவரம் தெரிஞ்சவன் ஐப்பசி பிறக்க முன்னமே மட்காட்டைக் கழட்டிப் பரணில போட்டிடுவான். உன்ர சைக்கிளில மட்காட்டே இல்லை எண்டு கேட்டாப் பிறகுதான், உதைச் செய்தவன் கொஞ்சமெண்டாலும் வயல் பாத்தவன் எண்டு நம்பினன்.

2018 மார்கழியில இரணைமடுக் குளத்துக் கதவுகளைத் திறந்துவிட வெள்ளம் வீட்டுக்குள்ள வந்தது. அண்டைக்கு எங்கட பக்கத்து ஆம்பிளையள் எல்லாரும் உன்ர போட்டிதான் ஓடினவை. தோளில சைக்கிள், தலையில பாய், மற்றக் கையில ஆட்டுக்குட்டி. ஒருத்தற்ர முதுகிலயும் நம்பர் குத்தி விடேல்லை. 96 இல சண்டைக்கு இடம்பெயரேக்கயும் சைக்கிள்தான் எங்கட லொறி, 2009 பிறக்கேக்கயும் அதுதான் லொறி. கரியரில தையல் மெசின், ஹாண்டிலில ரெண்டு பக்கமும் பானை சட்டி, பாரில நீ. கால் விறைக்குதெண்டு அழுதுகொண்டு வந்தனி. தருமபுரம், விசுவமடு எண்டு உருட்டிக்கொண்டு போனம். அந்த ஓட்டம் எத்தினை சுத்தெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. என்ர ரலி முள்ளிவாய்க்காலோட நிண்டுபோச்சு. சரி, அதை விடு.

காத்துக்கு வருவம். ரயர் கல்லு வைச்ச கணக்கா இறுகியிருந்தாத்தான் வேகம் எண்டு நினைச்சு நீ பம்பை ஏறி மிதிப்பாய், உன்னைத் தெரியும் எனக்கு. அது ரோட்டுக்கு. சேத்துக்குக் குறைச்சலா விட வேணும், 25, 30 பிஎஸ்ஐ காணும். பெருவிரலால அமத்தினா ரயர் கொஞ்சம் உள்ள போக வேணும். அப்பத்தான் அது நிலத்தைப் பிடிக்கும். அதுக்காக ஒரேயடியா இறக்கிப் போடாதை, உள்ள ரியூப் போட்டிருக்கிறாய் எண்டா வேரில ஒரு அடி அடிக்க ரிம் ரியூப்பைக் கடிச்சுப்போடும். சொலுசனும் ஒட்டும் கொண்டு அங்க ஒருத்தரும் குந்தியிருக்க மாட்டினம். ரயர் அகலத்துக்கும் சட்டம் வைச்சிருக்கிறாங்கள்: உலகப் போட்டியெண்டா 33 மில்லிமீற்றருக்கு மேல போகக் கூடாது. என்ர லுமாலாவின்ர ஒண்டரை இஞ்சி ரயர் அளந்தா 38 வரும். என்னை வாசலிலயே மறிச்சிருப்பாங்கள். பெல்ஜியத்தார் பயந்து போட்ட சட்டம் எண்டுதான் நான் நினைக்கிறன்.

பெரிய ஆக்கள் ரெண்டு மூண்டு சைக்கிள் வைச்சிருப்பினமாம். சேறு பிடிச்சதைக் குடுத்திட்டு, கழுவினதை வாங்கிக்கொண்டு ஓடுவினமாம். கழுவுறதுக்கு ஒரு ஆள் தண்ணிக் குழாயோட நிக்குமாம். உனக்கு ஒரு சைக்கிள்தான் எண்டாலும் ஓடி முடியக் கழுவக் கொப்பனைக் கூட்டிக்கொண்டு போ. சின்னனில உன்னைக் கழுவின கைதானே, பழக்கம் இருக்கும்.

மணல் வந்தா ஹாண்டிலைத் திருப்பாதை. முன்னுக்குப் போனவன்ர தடத்தில சில்லை விட்டு, உடம்பைப் பின்னுக்குச் சாய்ச்சு, நிப்பாட்டாமல் உழக்கு. கொக்சைட எண்டு உங்க ஒரு கடற்கரை ஊரில மணல்மேட்டுக்குள்ளாலயே போட்டி வைக்கிறவையாம். முல்லைத்தீவில மீன்பெட்டியோட கரையில உழக்கித் திரிஞ்சவை உதைக் கேட்டாச் சிரிப்பினம். வளைவில பிறேக் பிடியாதை, வளைவுக்கு முன்னமே பிடிச்சு முடி.

இன்னொண்டு. மூச்சுப் பிடிச்சு உழக்கினா வெல்லலாம் எண்டு மட்டும் நினையாதை. சித்திரை வருசத்துக்கு எங்கட பக்கம் வைக்கிற விளையாட்டுப் போட்டியில மெதுவாச் சைக்கிள் ஓடுறது எண்டு ஒண்டு இருக்கெல்லே. கால் நிலத்தில முட்டக் கூடாது, கோட்டை விட்டு வெளிய போகக் கூடாது, கடைசியா வாறவனுக்கு முதல் பரிசு. அதில என்னை வெல்ல இந்தப் பகுதியில ஒருத்தன் பிறக்கேல்லை. பரிசாத் தந்த பிளாஸ்ரிக் வாளியிலதான் அப்பம்மா இண்டைக்கும் தண்ணி அள்ளுறாள், கைபிடி மட்டும் கயிறு. நீ சிரிக்காதை. சேத்துச் சரிவில உன்ர முழங்கால் பலம் உதவாது. நிக்கிற அளவுக்கு மெதுவாப் போயும் விழாமல் இருக்கிறவன்தான் அதால தாண்டுவான். வீட்டுப் பின்பக்கப் புல்லில ரெண்டு கோடு கீறிப் பழகு. அயலட்டை வெள்ளைக்காரர் பாத்தா ஏதோ விரதம் எண்டு சொல்லிச் சமாளி.

குறுக்கு வழி ஒண்டும் யோசியாதை. 2016 தையில உங்க சோல்டரில நடந்த உலகப் போட்டியில ஒரு பிள்ளையின்ர சைக்கிளுக்குள்ள மோட்டர் ஒளிச்சிருந்ததைப் பிடிச்சு, ஆறு வருசம் ஓடக் கூடாதெண்டு தடை போட்டாங்கள். எனக்கு அதைக் கேட்க அதிசயமா இருந்தது. 90 களில வன்னிக்கு எண்ணெயும் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில வயர் பூட்டி றேடியோவில பிபிசி தமிழோசை கேட்டனாங்கள். அவையள் மோட்டரால சைக்கிளை ஓட்டப் பாத்தவை. நாங்கள் சைக்கிளால லண்டனையே ஓட்டினனாங்கள். சுத்துற பெடியன் கை மாத்தேக்க செய்தியில அரை வசனம் போயிடும். அந்த அரை வசனத்தில என்ன சொன்னவங்கள் எண்டு ஒரு கிழமைக்கு ஊருக்குள்ள சண்டை.

மோட்டரை நம்பினவை இஞ்சையும் பட்டவைதான். 2022 இல பெற்றோல் இல்லாமல் போய், மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் எண்டு கியூஆர் காட்டி வரிசையில நிண்ட பெடியளும் என்ர லுமாலாவை இரவல் கேட்டுத்தான் வந்தவங்கள். முந்தி அதைப் பாத்துச் சிரிச்ச அதே பெடியள். வாடகை ஒண்டும் கேக்கேல்லை. முத்தத்தில நெல்லுக் காய்ஞ்சுகொண்டு கிடந்தது, மூட்டை கட்ட ஆளும் தேவைப்பட்டது.

போட்டி தொடங்கேக்க எல்லாரும் ஒண்டாப் பாய்வாங்கள். முதல் வளைவில பத்துப் பேர் ஒருத்தனுக்கு மேல ஒருத்தன் விழுவாங்கள். நீ பின்வரிசையில நிண்டு, அவங்கள் விழுந்து முடிய, சுகம் விசாரிச்சுக்கொண்டு சுத்திப் போ. புதுசா வந்தவனை எப்பிடியும் பின்னுக்குத்தான் விடுவாங்கள்; நீ விரும்பி நிண்டதாக் காட்டிக்கொள். கரையில நிக்கிறவங்கள் பியர் நீட்டுவாங்களாம். முதல் சுத்தில வாங்காதை. கடைசிச் சுத்தில வாங்கினதைக் கொம்மாவுக்குச் சொல்லாதை, எனக்கு மட்டும் சொல்லு.

அந்தக் கரையில நிக்கிறவங்கள் மாட்டு மணியைப் பிடிச்சுக் கிலுக்கிக்கொண்டு நிண்டதைப் படத்தில பாத்தன். போனிலயே சத்தம் கணீரெண்டு கேட்டது. எங்கட பசு செங்காரி கயிறு அறுத்துக்கொண்டு பக்கத்துக் காணி உழுந்துக்க போறதும், நான் வேலிக்கரையில நிண்டு சமாதானம் பேசுறதும் இப்ப நித்திய கருமமாப் போச்சு. இஞ்ச விக்கிற மணி வெறும் தகரம், ஒரு மாரிக்குத் துருப்பிடிச்சு ஊமையாயிடும். நீ எத்தினையாவதா வந்தாலும் பரவாயில்லை, போட்டி முடிய ஆக்கள் விட்டிட்டுப் போற மணியில கனமான ஒண்டாப் பாத்து எடுத்து, இஞ்சால வாற ஆரிட்டையெண்டாலும் குடுத்து விடு. நாக்கு இருக்கோ எண்டு முதல் ஆட்டிப் பார்.