கொல்லைப்புற ஷெட்டின் உள்நோக்கம்: ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

புல்வெட்டும் இயந்திரம், பனி தள்ளும் இயந்திரம், மண்வாரி, சைக்கிள், வாங்கிய மாதத்தோடு கைவிடப்பட்ட உடற்பயிற்சிக் கருவி ஆகியவை நனையாமல் இருக்க, அமெரிக்கப் புறநகர் வீடுகளின் கொல்லையில் எழுப்பப்படும் மரக் கட்டுமானமே ஷெட். கோபுரத்தையும் அணையையும் பற்றி அறிஞர்கள் எழுதிக் குவித்துவிட்டார்கள். ஷெட்டைச் சீந்திய புலவர் இல்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வினா இது: மண்வாரியை மழையில் விட மனமில்லாத ஒரு குடிமகனை, அரசு ஏன் திரும்பத் திரும்ப வந்து பார்க்கிறது? இதற்கு வீட்டுக்காரர்கள் தரும் விடைகள் பல. அவற்றுள் அச்சில் ஏற்றத் தக்கவை மட்டுமே இங்கே பரிசீலிக்கப்படுகின்றன.

2. முன்னோர் நெறி

கட்டடத்தை அரசு கண்காணிப்பது புதிதல்ல. பாபிலோனின் ஹம்முராபி, வீடு இடிந்து அதன் சொந்தக்காரர் இறந்தால் கட்டியவரைக் கொல்லும்படி விதித்தார். அவர் பெர்மிட் கேட்கவில்லை, இன்ஸ்பெக்டரை அனுப்பவில்லை. ஆய்வு ஒரே ஒரு கட்டம்தான், அதுவும் இறுதி ஆய்வு. ரோமானியரின் பன்னிரு பட்டயச் சட்டம் வீட்டைச் சுற்றி இரண்டரை அடி இடம் விடச் சொன்னது. ஷெட்டை வேலியோரமாக ஒட்டி வைக்க நினைத்தவருக்கும் சட்டத்துக்கும் நடக்கும் தகராறு அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

இன்றைய அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் ஒரு மாதிரிக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பைத் தழுவி, தத்தம் திருத்தங்களைச் சேர்த்துக்கொள்கின்றன. தொகுப்பு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. ஷெட்டுகளின் ஆயுள் அதைவிட நீளம் என்பதால், எந்த ஷெட்டும் தன் வாழ்நாளில் சில பதிப்புகளையாவது மீறியே நிற்கிறது.

3. அளவும் பரிணாமமும்

அந்த மாதிரி விதிப்படி, 200 சதுர அடிக்கு மேற்படாத, தனித்து நிற்கும் ஒற்றைத் தளச் சாமான் ஷெட்டுக்குக் கட்டட பெர்மிட் வேண்டாம். கலிஃபோர்னியாவில் இந்த வரம்பு 120 சதுர அடி. இனி ஷெட் விற்கும் மைதானத்துக்குப் போய்ப் பார்க்கவும். 10க்கு 12 அடி ஷெட் ஒன்று நிற்கும், பெருக்கினால் 120. சற்றுத் தள்ளி 10க்கு 20 அடி ஒன்று, பெருக்கினால் 200. மண்வாரியின் நீளமோ புல்வெட்டியின் அகலமோ இந்த எண்களைத் தந்துவிடவில்லை. வரம்பைத் தாண்டும் உயிரி வாடும், வரம்பைத் தொட்டு நிற்கும் உயிரி தழைக்கும் என்ற விதிக்கு டார்வின் கலாபகோஸ் வரை கப்பலேறியிருக்க வேண்டியதில்லை.

விலக்குப் பெற்ற ஷெட்டும் முழு விடுதலை பெற்றதல்ல. எல்லைக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை நில உபயோக விதி தனியே சொல்லும். உள்ளே ஒரு பல்பு வேண்டுமானால் மின்சார பெர்மிட் தனி. பெர்மிட் வேண்டாம் என்பதற்கு விதியை மீறலாம் என்று பொருள் இல்லை என்றும் தொகுப்பு எச்சரிக்கிறது. யாரும் வந்து பார்க்கப்போவதில்லை, ஆனாலும் பார்க்க வந்ததுபோல் நடந்துகொள்ள வேண்டும் என்பது இதன் சாரம்.

4. களமும் மாதிரியும்

மினசோட்டா மாநிலத்தின் தென்பகுதிப் புறநகர் ஒன்றில் ஒரு வீட்டுக்காரரும் அவருடைய ஷெட்டும் மாதிரியாகக் கொள்ளப்பட்டனர். ஷெட்டின் அளவு 12க்கு 20 அடி, அதாவது 240 சதுர அடி. பனி தள்ளும் இயந்திரத்தைத் திருப்ப இடம் வேண்டும் என்று அவர் கருதியதால் நேர்ந்தது இது. வரம்பைத் தாண்டிய அந்த 40 சதுர அடியில்தான் இக்கட்டுரை முழுவதும் நிற்கிறது.

முதலில் 811 என்ற எண்ணை அழைத்தார். மண்ணைத் தோண்டும் முன் இந்த எண்ணை அழைக்கும் முறை 2007 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. ஆட்கள் வந்து மின்சாரத்துக்குச் சிவப்பும் எரிவாயுவுக்கு மஞ்சளும் தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சும் புல்தரையில் பூசிவிட்டுப் போனார்கள். இந்த ஆய்வில் தாமதமின்றி நடந்தது இது ஒன்றே என்பதால் பதிவு செய்யப்படுகிறது.

அடுத்தது கான்கிரீட் தளம். பலகை அடைத்து, ஜல்லி பரப்பி, கம்பி கட்டி, இன்ஸ்பெக்டர் பார்க்கும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். பார்த்து ஒப்புதல் தருமுன் அந்தக் கட்டத்தை மூடி அடுத்ததற்குப் போகக் கூடாது. ஆக, வீட்டுக்காரர் காவல் காப்பது பொருளை அல்ல, பள்ளத்தை. பள்ளத்தைத் திருடுவார் இல்லை என்றாலும் நிரப்புவார் உண்டு. இரவில் மழை நிரப்பும், காலையில் அவர் வாளியால் இறைப்பார், கம்பி மறுபடி சேற்றில் புதையும்.

இதற்கிடையே கான்கிரீட் லாரி. 240 சதுர அடிக்கு நான்கு அங்குலத் தளம் என்றால் ஏறக்குறைய 3 கன கஜம். லாரி சுமப்பதோ அதைப்போல் மும்மடங்கு. ஆகவே குறைந்த சுமைக்கென்று தனிக் கட்டணம், அதுவும் முன்பதிவோடு. கலந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் கான்கிரீட்டை இறக்கிவிட வேண்டும் என்பது அத்தொழிலின் பழைய வரம்பு. லாரிக்கு மணிக்கணக்கு உண்டு. இன்ஸ்பெக்டருக்கு உள்ள கணக்கு, காலை எட்டிலிருந்து மாலை நான்குக்குள் வருவார் என்பது. ஒன்றரை மணி நேரம் வாழும் பொருளையும் எட்டு மணி நேரம் அகலமுள்ள வாக்குறுதியையும் ஒரே நாளில் பொருத்துவது கணிதத்தால் ஆகாது. விடுப்பு எடுத்துத்தான் ஆக வேண்டும்.

இறுதியாகப் பனி. வேலையை 180 நாள் கிடப்பில் போட்டால் பெர்மிட் காலாவதியாகும் என்கிறது மாதிரி விதி. உறைந்த மண்மேல் கான்கிரீட் ஊற்றக் கூடாது என்கிறது அனுபவம். இலையுதிர் காலத்தில் பெர்மிட் வாங்கிய மினசோட்டாக்காரர் ஜனவரியில் நாட்காட்டியையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்ப்பது இதனால்தான்.

5. கருதுகோள்கள்

முதற்கருதுகோள்: எல்லாம் பாதுகாப்புக்காக. இதை எளிதில் தள்ள முடியாது. 1992இல் ஆண்ட்ரூ புயல் ஃபுளோரிடாவைச் சூறையாடிய பிறகே அம்மாநிலம் முழுமைக்கும் ஒரே கட்டட விதி உருவாகி 2002இல் நடைமுறைக்கு வந்தது. சரியாகப் பூட்டாத கூரை பக்கத்து வீட்டு ஜன்னலைத் தேடிப் போகும் என்பதைக் காற்று நிரூபித்திருக்கிறது. ஆயினும் மாதிரி விதியின் மற்ற பக்கங்களைப் புரட்டினால் ஐயம் எழுகிறது. எல்லைக்கோட்டுக்கு ஐந்தடிக்குள் வரும் சுவர் பொதுவாக ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும். பெர்மிட் விலக்குப் பெற்ற ஷெட்டுக்கு அது வேண்டாம். தென் மினசோட்டாவில் வீட்டின் அடித்தளம் உறைபனி ஆழமான 42 அங்குலத்துக்கு இறங்க வேண்டும். மாதிரி விதியோ 600 சதுர அடிக்கு மேற்படாத, இறவாரம் பத்தடிக்கு மேற்படாத மரச்சட்டத் துணைக் கட்டடத்துக்கு உறைபனிக் காப்பையே விலக்குகிறது. தீயும் பனியும் காகிதம் பார்த்துத்தான் வேலை செய்யும் போலும்.

இரண்டாம் கருதுகோள்: எல்லாம் பணத்துக்காக. வீட்டுக்காரர்களிடையே பெருவழக்காக உள்ளது இது. ஆனால் ஷெட் ஒன்றுக்கு வரும் கட்டணத்தில் அதிகாரி, வண்டி, கோப்பு, மறுவருகை எல்லாவற்றையும் கழித்தால், இதை ஒரு வியாபாரமாக எவரும் தொடங்கமாட்டார்.

எஞ்சுவது மூன்றாம் கருதுகோள். மேலே கண்ட சலுகைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே நிபந்தனை ஓடுகிறது: உள்ளே யாரும் வசிக்கக் கூடாது. மண்வாரி தூங்கும்வரை சட்டமும் தூங்கும், மனிதன் படுத்தால் எழுந்துகொள்ளும். ஆகவே இன்ஸ்பெக்டர் சோதிப்பது ஷெட்டை அல்ல, அதன் உள்நோக்கத்தை. களத்தில் அவர் கேட்ட கேள்விகள் இதற்குச் சான்று. ஆணி இடைவெளியைப் பார்த்துத் தலையசைத்தார். ஜன்னலைக் கண்டதும் நின்றார். இது எதற்கு? வெளிச்சத்துக்கு. இத்தனை பிளக் பாயிண்ட் எதற்கு? சார்ஜ் போட. சுவருக்குள் குளிர்காப்புப் பஞ்சு எதற்கு? இங்கே வீட்டுக்காரர் சற்றுத் தாமதித்தார். அத்தாமதம் ஆய்வுக் குறிப்பேட்டில் அடிக்கோடிடப்பட்டுள்ளது.

6. வரலாற்றுச் சான்றுகள்

இந்தச் சந்தேகம் ஆதாரமற்றதா? 1845 ஜூலை 4 அன்று எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ வால்டன் குளக்கரையில் தாமே கட்டிய குடிலில் குடியேறினார். அளவு 10க்கு 15 அடி, அதாவது 150 சதுர அடி. சாமான் ஷெட் என்று சொல்லியிருந்தால் மாதிரி விதியின்கீழ் இன்று விலக்குப் பெற்றிருக்கும், கலிஃபோர்னியாவில் மாட்டியிருப்பார். மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று கணக்கு எழுதியவர், பெர்மிட்டுக்கு ஒரு சென்ட்டும் காட்டவில்லை. பழைய குடிசையைப் பிரித்து எடுத்த பலகை, நண்பர் எமர்சனின் நிலம், குடியேறிய பிறகு கட்டிய புகைபோக்கி. அமெரிக்க இலக்கியத்தின் பெருமைக்குரிய இந்நிகழ்வைக் கட்டட அலுவலகத்தின் கண்கொண்டு பார்த்தால், இறுதி ஆய்வுக்கு முந்திய குடியேற்றம் என்பதைத் தவிர வேறில்லை.

1938இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் டேவிட் பேக்கர்ட் தம்பதி ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்தனர். அங்கிருந்த கராஜில் ஒரு நிறுவனம் பிறந்தது. சிலிக்கான் பள்ளத்தாக்கின் பிறப்பிடம் என்று மாநிலம் அதற்கு வரலாற்றுச் சின்ன மதிப்பும் தந்தது. கூட்டாளி பில் ஹியூலட் படுத்தது எங்கே? கொல்லையிலிருந்த ஷெட்டில். கராஜின் புகழில் ஷெட் மறைந்துபோனது இத்துறைக்கு நேர்ந்த அநீதி.

நீதிமன்றச் சான்றும் உண்டு. பால்டிமோரில் எலியைத் தேடி வந்த சுகாதார இன்ஸ்பெக்டரை உள்ளே விடாதவருக்கு 20 டாலர் அபராதம். 1959இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எட்டாண்டு கழித்து, 1967இல், சான் ஃபிரான்சிஸ்கோவின் கமாரா என்பவர் வழக்கில் அது தன் கருத்தை மாற்றிக்கொண்டு, சம்மதம் இல்லையேல் வாரண்ட் வேண்டும் என்றது. கமாரா மேல் இருந்த புகார் என்ன? வசிக்க அனுமதியில்லாத தரைத்தளத்தின் பின்பகுதியில் அவர் வசிக்கிறார் என்பதே. மூன்றாம் கருதுகோள் இங்கே உச்ச நீதிமன்றப் படியேறிவிட்டது.

இத்தீர்ப்பால் நம் வீட்டுக்காரருக்கு ஆன பயன் ஒன்றுமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்ஸ்பெக்டர் வராமல் தடுக்கும் உரிமையைக் குடிமக்கள் போராடிப் பெற்றார்கள். அவரை வரவழைக்கும் உரிமையை இன்னும் எவரும் பெறவில்லை.

7. முடிவும் பரிந்துரையும்

ஷெட் இறுதி ஆய்வில் தேறியது. புல்வெட்டி உள்ளே போனது, பனி தள்ளும் இயந்திரம் எதிர்பார்த்தபடி திரும்பியது. பிறகு ஒரு மடக்கு நாற்காலி போனது, புல்வெட்டிக்கு எண்ணெய் ஊற்றும்போது உட்கார என்று. அதன்பின் ஒரு சிறு மேசை, ஒரு ரேடியோ, பழைய கம்பளம். வீட்டில் அவரைத் தேடும்போது முதலில் ஷெட்டில் பார்ப்பது வழக்கமாயிற்று.

எனவே இன்ஸ்பெக்டரின் சந்தேகம் முற்றிலும் நியாயமானது என்று இவ்வாய்வு நிறுவுகிறது. அவரது முறையில் காணும் குறை ஒன்றே: அவர் வர வேண்டியது இறுதி ஆய்வு நாளில் அல்ல, அதற்கு அடுத்த சனிக்கிழமை.