டை கட்டினால் புரதம் வராது

1954-இல் உலகத்தின் பெரிய மூளைகள் சில சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தன. பெயர் 'ஆர்.என்.ஏ. டை கிளப்'. ஆரம்பித்தவர் ஜார்ஜ் காமோவ். பிரபஞ்சம் வெடித்துப் பிறந்த கதைக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த இயற்பியலாளர். ஆல்ஃபர் என்ற மாணவரோடு எழுதிய கட்டுரையில், ஒரு வரி வேலைகூடச் செய்யாத பேத்தே என்ற இயற்பியலாளரின் பெயரை நடுவில் செருகினார். ஆல்ஃபா, பீட்டா, காமா என்று ஓசை வரவேண்டுமாம். வெளியான தேதி 1948 ஏப்ரல் 1. இப்படிப்பட்ட ஆசாமிக்குப் பிரபஞ்சம் அலுத்துப்போனால் என்ன ஆகும்? நேராக உயிரணுவுக்குள் மூக்கை நுழைத்தார்.

சங்கத்துக்கு முந்தின வருஷம்தான் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை அறிவித்திருந்தார்கள். அதில் ஏ, டி, ஜி, சி என்று நாலே எழுத்து. புரதத்திலோ அமினோ அமிலங்கள் 20 வகை. புரதம் செய்யும் குறிப்பு டி.என்.ஏ.வில்தான் இருக்கிறதென்றால், நாலை வைத்து இருபதை எப்படி எழுதுவது? இரண்டிரண்டாகச் சேர்த்தால் 16 வரும். நாலு பேர் வெளியே நிற்கவேண்டும். மூன்று மூன்றாகச் சேர்த்தால் 64. எதற்கு இத்தனை என்று புரியாது.

காமோவ் அசரவில்லை. டி.என்.ஏ. சுருளில் வைர வடிவப் பள்ளங்கள் இருக்கின்றன, அமினோ அமிலங்கள் நேரே வந்து அதில் உட்கார்ந்துகொள்கின்றன என்றார். பள்ளங்களை வகை பிரித்து எண்ணினால் சரியாக 20. கணக்கு அபாரம். புரதம் தயாராகும் இடத்தில் டி.என்.ஏ.வே இல்லை என்பது மட்டும்தான் இடித்தது.

கிளப்பில் அமினோ அமிலத்துக்கு ஒருவராக 20 உறுப்பினர். ஆளுக்கொரு கம்பளி டை, அதில் சுருள் பூவேலை, கூடவே ஒரு டை ஊசி. காமோவ் அலனின், கிரிக் டைரோசின், ஃபைன்மன் கிளைசின். ஹைட்ரஜன் குண்டுக்காரர் டெல்லருக்கு லூசின். இதற்குமேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

1957-இல் கிரிக்கும் இரண்டு நண்பர்களும் இன்னும் அழகான கணக்கோடு வந்தார்கள். ஏஏஏ மாதிரி ஒரே எழுத்து மூன்று தரம் வந்தால் எங்கே தொடங்கிப் படிப்பது என்று குழம்பும், ஆகவே அந்த நாலையும் தள்ளு. மிச்சம் 60. சுழற்றினால் ஒன்றாகிவிடும் மும்மூன்றில் ஒன்றை மட்டும் வை. 60-ஐ மூன்றால் வகுத்தால் 20! இவ்வளவு லட்சணமான கணக்கு தப்பாகுமா என்று பல பேர் சில வருஷம் மயங்கிக் கிடந்தார்கள்.

கிரிக்குக்கு நியாயம் செய்யவேண்டும். 1955-இல் கிளப்புக்குள் சுற்றுக்கு விட்ட குறிப்பொன்றில், அமினோ அமிலத்தைச் சுமந்து வந்து சேர்க்க இடைத்தரகர் மூலக்கூறு இருந்தே தீரும் என்று ஊகித்திருந்தார். இருந்தது.

விஷயம் இதுதான். டி.என்.ஏ. மூலப் பத்திரம். நம் உயிரணுவில் அது உட்கரு என்ற பதிவு அலுவலகத்தை விட்டு வெளியே வராது. வேண்டிய பக்கத்துக்கு மட்டும் நகல் எடுத்துக் கொடுப்பார்கள். அதுதான் தூது ஆர்.என்.ஏ. (நகலில் டி-க்குப் பதில் யூ வரும்). ரைபோசோம் என்ற புரதப் பட்டறை அந்த நகலை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் உரிய அமினோ அமிலத்தைக் கடத்து ஆர்.என்.ஏ. என்ற தரகர் தூக்கிக்கொண்டு வருவார். ரைபோசோம் வரிசையாகக் கோக்கும். சங்கிலி மடிந்தால் புரதம். இந்த ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்ததற்காகத்தான் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நகல் ஒன்று இருக்கவேண்டும் என்பதே 1960 புனித வெள்ளியன்று கேம்பிரிட்ஜில் பிரென்னர், ஜேக்கப் என்ற உயிரியலாளர்களும் கிரிக்கும் பேசிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அதை நிரூபிக்கக் கலிஃபோர்னியா போன பிரென்னருக்கும் ஜேக்கப்புக்கும் ரைபோசோம்கள் உடைந்து உடைந்து போயின. வெறுத்துப்போய்க் கடற்கரையில் கிடந்தபோது பிரென்னர் துள்ளி எழுந்து "மக்னீசியம்!" என்று கத்தினார். உப்பு போதவில்லை. கூட்டிப் போட்டார்கள், ரைபோசோம்கள் உடையாமல் நின்றன.

ஆனால் நகலில் எந்த மூன்றெழுத்துக்கு எந்த அமிலம்? ஒரு எழுத்துகூட யாருக்கும் தெரியாது. இங்கேதான் டை இல்லாத ஆள் வருகிறார். மார்ஷல் நிரென்பெர்க், வயது 34, வாஷிங்டன் பக்கம் பெதஸ்டாவில் அரசாங்க ஆய்வுக்கூடத்தில் வேலை. கூடவே ஜெர்மனியிலிருந்து வந்த ஹைன்ரிக் மத்தேய். இவர்கள் யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஈ.கோலை பாக்டீரியாவை அரைத்துச் சாறு எடுத்தார்கள். அதில் யூ மட்டுமே வரிசையாக உள்ள செயற்கை ஆர்.என்.ஏ.வை ஊற்றினார்கள். எந்த அமினோ அமிலம் சங்கிலியாகிறது என்று கதிரியக்க அடையாளம் வைத்துப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

1961 மே 27 விடிவதற்குள் மத்தேய்க்கு விடை கிடைத்துவிட்டது: ஃபினைல்அலனின். நிரென்பெர்க் அப்போது ஊரிலேயே இல்லை. யூயூயூ என்றால் ஃபினைல்அலனின். மனிதர்கள் படித்த முதல் மரபுச் சொல்லே கிரிக்கின் கணக்கில் தடை செய்யப்பட்ட சொல்! போதாக்குறைக்கு அதிர்ஷ்டமும் கூட்டு: இயல்பாகத் தொடக்கக் குறி இல்லாமல் ரைபோசோம் வேலையை ஆரம்பிக்காது, இவர்கள் குழாயில் மக்னீசியம் மிகுதியாக இருந்ததால் குறி இல்லாமலே ஓடிவிட்டது. மறுபடியும் அதே உப்பு.

ஆகஸ்டில் மாஸ்கோ மாநாட்டில் நிரென்பெர்க் இதைச் சொன்னபோது சின்ன அறையில் சொற்பப் பேர். அதில் இருந்த மெசல்சன் என்ற விஞ்ஞானி ஓடிப்போய்க் கிரிக்கிடம் சொல்ல, கிரிக் பெரிய அரங்கில் மறுபடி பேச ஏற்பாடு செய்தார். தன் கணக்கைத் தானே கவிழ்த்த அந்தப் பெருந்தன்மைக்காக அவர் டையை மன்னித்துவிடலாம்.

1966 வாக்கில் 64 சொல்லும் தீர்ந்தன. 61 அமினோ அமிலங்களுக்கு, 3 நிறுத்தக் குறிகள். ஒரே அமிலத்துக்கு ஆறு சொல்கூட உண்டு. இயற்கைக்குக் கிளப்பின் அழகுணர்ச்சி இல்லை. 1968-இல் நிரென்பெர்க், பஞ்சாப் கிராமத்தில் பிறந்த கொரானா, ஹோலி மூவருக்கும் நோபல். விடிய விடியக் கண்விழித்துக் குழாயைப் பார்த்த மத்தேய்க்கு ஒன்றுமில்லை. அது அநியாயம்தான்.